கேள்வி கேட்டவர் கல்லாவில் உட்கார்ந்தால்…

செய்தித் தொழிலை விட்டுச் சொந்தத் தொழிலுக்கு வருபவர்கள், அவர்களிடம் வேலைக்குச் சேரும் இளையவர்கள், அவர்கள் ஏறும் மேடைகள் ஆகியவற்றைப் பற்றிச் சேலம், ஏற்காடு பக்கமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

எங்கள் கல்லூரிக்கு, நிருபராக இருந்து நிறுவனம் தொடங்கிய ஒருவர் பேச வருகிறார். ‘வேலை, தலைமுறை, பொதுவிவாதம்’ என்பது தலைப்பு. போன முறை வந்தவரிடம் ‘வெற்றி ரகசியம் என்ன’ என்று நாலு பேர் நாலு விதமாகக் கேட்டே நேரம் போய்விட்டது. இந்த முறை உருப்படியாக நடத்த என்ன வழி?
— மாணவி, அம்மாபேட்டை

வெற்றி ரகசியம் கேட்டால் ‘உழைப்பு’ என்பார். வேறென்ன சொல்ல முடியும் அவரால்? பதிலில் ஒரு தொகையோ, ஒரு தேதியோ, ஓர் ஆளோ வந்தே தீரும்படி கேள்வியை அமையுங்கள். ‘கடைசிச் சம்பளம் வாங்கிய மாதத்திலிருந்து முதல் லாபம் கண்ட மாதம் வரை வீட்டுச் செலவு எதில் ஓடியது?’ ‘முதல் பில்லுக்குப் பணம் கொடுத்தவர் எத்தனை நாள் கழித்துக் கொடுத்தார்?’ ‘செய்திக்காகப் பழகியவர்களிடம் விளம்பரம் கேட்டுப் போனபோது, பதிலுக்கு அவர்கள் என்ன கேட்டார்கள்?’ முதல் இரண்டையும் மளிகைக் கடைக்காரரிடம்கூடக் கேட்கலாம். மூன்றாவதை இவரிடம் மட்டும்தான் கேட்க முடியும். அதற்கு அதிக நேரம் விடுங்கள்.

தலைமுறைப் பேச்சிலும் அப்படியே. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்லையா’ என்று கேட்டால் கைதட்டல் வாங்கும் பதில் வரும். ‘உங்களிடம் சேர்ந்த 22 வயதுக்காரருக்கு முதல் மூன்று மாதம் என்ன வேலை கொடுத்தீர்கள்? அதைத் திருத்திக் கொடுத்தது யார்? ஒரு வருடத்துக்குள் எத்தனை பேர் விலகினார்கள்?’ என்று கேளுங்கள். திருத்திக் கொடுக்க ஆள் இல்லாத அலுவலகத்தில்தான் ‘பசங்க நிற்க மாட்டேங்கிறாங்க’ என்ற புலம்பல் அதிகம் கேட்கிறது.

ஒன்றரை மணி நேரக் கூட்டம் என்றால் அவர் பேச 20 நிமிடம், தயாரித்து வந்த இரண்டு மாணவர்கள் பேட்டி எடுக்க 25, சபையின் கேள்விகளுக்கு 35. மீதி 10 நிமிடம் தாமதமாகத் தொடங்குவதற்கு. அதுவும் நடக்கத்தான் போகிறது. மைக்கைச் சபைக்குள் அனுப்பாதீர்கள். முதலில் வாங்குபவர் கேள்வி கேட்கமாட்டார், சொற்பொழிவு ஆற்றுவார். அஞ்சலட்டை அளவில் சீட்டு கொடுத்து, பேட்டி நடக்கும்போதே இரண்டு பேர் சேகரித்து, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிக் கூட்டத்தை நடத்துபவரிடம் தரட்டும். சீட்டில் எழுதும்போது கேள்வி தானாகச் சுருங்கும்; மேடைக் கூச்சம் உள்ளவர்களின் கேள்வியும் வந்து சேரும்.

முக்கியமான ஐந்து கேள்விகளை ஒரு வாரம் முன்பே அவருக்கு அனுப்பிவிடுங்கள். எதிர்பாராமல் கேட்டு மடக்குவது டிவிக்கு நல்லது. உங்களுக்குத் தேவை கணக்கு. அதை எடுத்துவர அவருக்கு நேரம் வேண்டும்.

சேலத்தில் ஒரு நாளிதழில் 11 வருடமாக நிருபர். மரவள்ளி, ஜவ்வரிசி, கொலுசு, ஜவுளி என்று உள்ளூர்த் தொழில்களுக்காகவே ஒரு மாத இதழ் தொடங்க ஆசை. வேலையை விடலாமா? எங்கிருந்து தொடங்குவது?
— வாசகர், சூரமங்கலம்

முதலில் கையில் என்ன வரும் என்று பாருங்கள். 21.11.2025 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், பணிபுரியும் பத்திரிகையாளருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெற 3 ஆண்டு போதும், மற்றவர்களுக்கு 5. கடைசி மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்குவது கணக்கு. ஊதியம் 30,000 ரூபாய், 11 ஆண்டு என்றால் சுமார் 1,90,000. இந்தப் பணத்தை வீட்டுச் செலவுக்கு ஒதுக்குங்கள், இதழில் போடாதீர்கள். வருங்கால வைப்பு நிதியைத் தொடவே வேண்டாம். வீட்டுச் செலவு 12 மாதத்துக்குத் தனியாக இல்லையென்றால், நாலாவது மாதம் உங்களை அறியாமலே விளம்பரதாரர் சொல்கிறபடி எழுத ஆரம்பித்திருப்பீர்கள்.

அடுத்தது, எதை விற்கப்போகிறீர்கள் என்பது. மரவள்ளிக் கிழங்கின் விலை, அதில் மாவுச்சத்து எவ்வளவு என்பதைக் காட்டும் ‘பாயின்ட்’ கணக்கில் தினமும் மாறுகிறது. அது வாட்ஸ்அப்பில் காலையிலேயே வந்துவிடுகிறது. மாத இதழில் விலைப் பட்டியல் போட்டால் யாரும் புரட்டமாட்டார்கள். விவசாயிக்குத் தேவை வேறு. கிழங்கைத் தண்ணீருக்குள் எடைபோட்டு அடர்த்தியிலிருந்து பாயின்ட் கணிக்கிறார்கள். மாதிரியை எந்த மூட்டையிலிருந்து எடுத்தார்கள், மண்ணுக்கு எவ்வளவு கழித்தார்கள், அறுத்து எத்தனை நாள் ஆன கிழங்கு, இந்த மூன்றிலும்தான் பணம் போகிறது. ஆலைக்காரருக்கு, ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் நடத்தும் ஏலத்தின் போக்கு, கலப்படப் புகார்களின் நிலை, சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் கிடைத்த புவிசார் குறியீட்டைப் பயன்படுத்திக்கொள்ளும் முறை ஆகியவை வேண்டும். ஒரே இதழில் இரண்டு தரப்பும் படிப்பார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரே செய்தி பிடிக்காது. அதற்குத் தயாராக இருங்கள்.

ஆகவே முதல் மூன்று மாதம் அச்சடிக்காதீர்கள். வேலையில் இருந்துகொண்டே இதைச் செய்ய உங்கள் நியமன ஒப்பந்தம் இடம் தருகிறதா என்று பாருங்கள்; தராவிட்டால் விலகிய பிறகு செய்யுங்கள். நூறு பேரிடம் மூன்று மாதச் சந்தா முன்பணமாக வாங்கி, வாரம் ஒரு நாலு பக்கக் குறிப்பை செல்போனுக்கு அனுப்புங்கள். ‘நல்ல முயற்சி தம்பி’ என்று சொல்லிவிட்டுப் பணம் தராதவர்களை எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. நூறு பேர் சேரவில்லை என்றால் ஆயிரம் பிரதிக்கு ஆள் இல்லை.

சேர்ந்துவிட்டார்கள் என்றால் பதிவு. 1867ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2023ஆம் ஆண்டின் பத்திரிகைகள் பதிவுச் சட்டம் 1.3.2024 முதல் நடப்பில் இருக்கிறது. முன்போல மாஜிஸ்திரேட் முன்னால் உறுதிமொழி கொடுத்துத் திரிய வேண்டியதில்லை. ‘பிரஸ் சேவா’ இணையதளத்தில் தலைப்புக்கும் பதிவுக்கும் ஒரே விண்ணப்பம். மாவட்ட நிர்வாகம் கருத்துச் சொல்ல 60 நாள் அவகாசம். ஒரே ஒரு தலைப்பை நம்பி உட்காராதீர்கள். ‘சேலம்’, ‘கொங்கு’ என்று தொடங்கும் பல தலைப்புகளை முன்பே யாராவது எடுத்திருப்பார்கள். பதிவு வரும்முன் பேனர், விசிட்டிங் கார்டு அடிப்பது வீண் செலவு. பதிவு இல்லாமல் இதழையே அடித்தால் அபராதம் 5 லட்சம் வரை போகலாம்.

அச்சுக் கணக்கைப் பலரும் அச்சகத்தாரிடம் விட்டுவிடுகிறார்கள். நீங்களே போடலாம். 23×36 அங்குலத் தாளில் இரண்டு பக்கமும் சேர்த்து ஏ4க்குக் கிட்டத்தட்ட சமமான 16 பக்கம் வரும். உள்ளே 32 பக்கம் என்றால் பிரதிக்கு 2 தாள். ஆயிரம் பிரதிக்கு 2,000 தாள், அதாவது 4 ரீம். மெஷின் நிறம் பிடிக்கும்வரை ஃபாரத்துக்கு (ஒரு தாளில் வரும் 16 பக்கத் தொகுதிக்கு) 100 தாள் கழிவு போகும் என்று வைத்தால் நாலரை ரீம் வாங்க வேண்டும். 60 ஜிஎஸ்எம் மேப்லித்தோ ஒரு ரீம் சுமார் 16 கிலோ. உள்பக்கம் ஒரே நிறம் என்றால் இரண்டு ஃபாரத்துக்கு 4 பிளேட். நாலு கலர் என்றால் 16. ஆயிரம் பிரதிக்கு நாலு கலர் போட்டால் பிளேட் செலவே பிரதி விலையைத் தூக்கிவிடும். அட்டை மட்டும் கலர் போதும். அச்சகத்தில் இருப்பது 18×23 மெஷின் என்றால் ஃபாரம் இரட்டிப்பாகும். கொட்டேஷன் வாங்கும்போது மெஷின் அளவைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

விற்பனை வருமானத்தை வைத்துக் கனவு காணாதீர்கள். விலை 30 ரூபாய், ஏஜென்ட் கமிஷன் நூற்றுக்கு 30 என்றால் உங்களுக்கு 21. ஆயிரத்தில் 600 விற்று 400 ரிட்டர்ன் வந்தால் 12,600 ரூபாய், அதுவும் இரண்டு மாதம் கழித்து. உங்கள் அச்சுக் கொட்டேஷனை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மிச்சப் பள்ளத்தை விளம்பரமும் நேரடிச் சந்தாவும்தான் நிரப்ப வேண்டும். அஞ்சல் சலுகைக் கட்டணத்துக்கு இரண்டு இதழ்களுக்கு நடுவே 31 நாளுக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது என்பது நெடுங்கால விதி. ‘இந்த மாதம் முடியல, அடுத்த மாதம் சேர்த்து ரெட்டை இதழ்’ என்பது அங்கே செல்லாது.

பில் போடுவதில்தான் நிருபர்கள் கவிழ்கிறார்கள். பத்து வருடமாக ‘வணக்கம் சார்’ என்று பேட்டி எடுத்தவரிடம் போய் பாக்கி கேட்க நாக்கு வராது. அந்தக் கூச்சத்தைக் காகிதத்தால் சரிசெய்யலாம். விளம்பரத்துக்கு ஒரு பக்க ஆர்டர் படிவம் வைத்து, அளவு, எந்த இதழ், தொகை, எத்தனை நாளில் பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். ஆதாரும் பான் எண்ணும் போதும். பில்லில் அந்த எண்ணை அச்சிடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் சிறுதொழிலுக்குப் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. பாக்கி வைப்பவரின் வருமான வரிக் கணக்கிலும் அந்தச் செலவு, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழியும். மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டருக்கு இதை நினைவூட்டி ஒரு கடிதம் போட்டால் போதும். நீங்கள் வாய் திறந்து கேட்கவே வேண்டாம்.

ஜிஎஸ்டியில் ஒரு சிக்கல். இதழ் விற்பனைக்கு வரி இல்லை. அச்சு விளம்பரத்துக்கு 5 சதவீதம், இணைய விளம்பரத்துக்கு 18. ஆனால் பதிவு கட்டாயமாகும் 20 லட்ச ஆண்டு விற்றுமுதல் வரம்பைக் கணக்கிடும்போது வரியில்லாத இதழ் விற்பனையும் சேரும். ‘விளம்பரம் 14 லட்சம்தானே’ என்று பதிவு செய்யாமல் இருந்தவர்கள் பிறகு வட்டியோடு கட்டியிருக்கிறார்கள்.

எழுதத் தெரிந்தவன் தொழிலில் ஜெயித்த கதை நம் பக்கத்தில் உண்டா?
— வாசகர், ராசிபுரம்

உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். ராசிபுரத்தில் பிறந்த டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு மருத்துவர், காங்கிரஸ்காரர், ‘தமிழ்நாடு’ இதழை நடத்தியவர். 1932இல் சென்னையில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ நாளிதழைத் தொடங்கியவரும் அவரே. பண நெருக்கடியில் அதை எஸ். சதானந்துக்குக் கொடுத்தார். செய்தி முகமையே நடத்திய சதானந்தாலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கடைசியில் ராம்நாத் கோயங்காவிடம் போய்ச் சேர்ந்தது. எழுதத் தெரிந்த இருவர் கை மாறி, முதல் போடத் தெரிந்தவர் கையில் அது நிலைத்தது.

எதிர் உதாரணம் கல்கி. 1941இல் விகடனை விட்டு வந்து சொந்த இதழ் தொடங்கியபோது நிர்வாகத்தை நண்பர் சதாசிவம் பார்த்துக்கொண்டார், முதலுக்கு அவர் மனைவி எம்.எஸ். சுப்புலட்சுமி ஒரு படத்தில் நடித்து வாங்கிய பணம் உதவியது. எழுத்து ஒருவர், கணக்கு ஒருவர் என்று முதல் நாளே பிரித்துக்கொண்டார்கள். உங்களுக்கு ஒரு சதாசிவம் இருக்கிறாரா என்று பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்கு அச்சகம்: பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை. நான் செய்தி சேனலில் 6 வருடம் கேமராவும் எடிட்டிங்கும் பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். வெள்ளிக் கடைகளுக்கு கேட்டலாக், வீடியோ செய்து தரலாம் என்றால் ‘இதெல்லாம் ஒரு தொழிலா’ என்கிறார். பேச்செடுத்தாலே சண்டை.
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

அப்பாவுக்குக் கேமராமேல் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. கடன் சொல்லி ஏமாற்றியவர்களின் பட்டியல் அவர் மனதில் இருக்கிறது. உங்களுக்கு அது தெரியாது. எந்தக் கடைக்காரர் சொன்ன தேதியில் தருவார், யார் தீபாவளிவரை இழுப்பார் என்ற அந்த அறிவுதான் உங்கள் குடும்பத்தின் பெரிய சொத்து. மெஷின்கூட அதற்கு அடுத்துதான். அதனால் சண்டையை இப்படி மாற்றுங்கள்: யாருக்கு வேலை செய்யலாம், எவ்வளவு முன்பணம் வாங்கலாம் என்பது அவர் முடிவு, என்ன எடுப்பது, எப்படி எடுப்பது உங்கள் முடிவு. புதுப் பிரிவுக்குத் தனி வங்கிக் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு தொகையை எல்லையாக எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்; அது தீர்ந்தால் நிறுத்திவிட்டுப் பேசுவது என்றும் அதிலேயே எழுதுங்கள். எல்லை தெரிந்தால் அவருக்கும் தூக்கம் வரும்.

கூட்டாண்மை ஆக்கினால் பத்திரம் எழுதியதோடு விட்டுவிடாதீர்கள். நிறுவனப் பதிவாளரிடம் பதிவு செய்யாத கூட்டாண்மை, பாக்கி வசூலிக்க வழக்குப் போட முடியாது. 1932ஆம் ஆண்டுச் சட்டத்தின் 69ஆம் பிரிவு அப்படி.

வேலை விஷயத்துக்கு வருவோம். வெள்ளி, சுற்றி இருக்கும் நிறத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். நீலச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்தால் கொலுசு நீலமாக நிற்கும். நாலு பக்கமும் வெள்ளை பட்டர் பேப்பரோ பால்நிற அக்ரிலிக்கோ மறைத்து, விளக்கை அதற்கு வெளியே வையுங்கள். முதல் படத்தில் சாம்பல்நிற அட்டையை வைத்து நிறத்தைச் சரிசெய்தால் அன்று எடுக்கும் எல்லாப் படங்களும் ஒரே நிறத்தில் வரும். வெறுங்கையால் தொட்டால் ரேகை பதியும், சில நாளில் கறுக்கும். பருத்திக் கையுறை போடுங்கள். ஒவ்வொரு ஜோடியின் நீளம், கிராம், டிசைன் எண்ணைப் படத்தின் கோப்புப் பெயரிலேயே எழுதிவிடுங்கள். நூறு டிசைன் தாண்டியதும் எது எது என்று கடைக்காரருக்கே குழம்பும்.

சரக்கை ஸ்டுடியோவுக்குக் கொண்டுவராதீர்கள். இரண்டு கிராம் குறைந்தது என்று ஒரு பேச்சு வந்தால் அப்பாவின் முப்பது வருடப் பெயர் போய்விடும். விளக்கோடு நீங்கள் கடைக்குப் போங்கள். காலையிலும் மாலையிலும் அவர் தராசில், அவர் ஆள் முன்னால் எடை போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். படத்துக்கு இவ்வளவு, இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதற்குத் தனிக்காசு, பாதி முன்பணம் என்று முதலிலேயே எழுதிக்கொடுங்கள். வெள்ளிக்கு, ஒவ்வொரு நகைக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணான எச்யுஐடியோடு கூடிய ஹால்மார்க் 1.9.2025 முதல் விருப்ப அடிப்படையில்தான் இருக்கிறது. எண் இல்லாத சரக்கின் படத்தில் ‘ஹால்மார்க்’ என்று போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆடியில் கடைகளில் கூட்டம் குறையும். கேட்டலாக் எடுக்க அதுதான் காலம். ஐப்பசியில் போய்க் கதவைத் தட்டினால் யாரும் தலைநிமிர மாட்டார்கள்.

இரவு 11 மணிக்கு ஆசிரியர் போன் செய்து செய்தி கேட்கிறார். எடுக்காவிட்டால் ‘எங்க காலத்துல…’ என்று ஆரம்பித்துவிடுகிறார். யார் பக்கம் நியாயம்?
— இளம் நிருபர், ஓமலூர்

பத்திரிகையாளருக்கு நான்கு வாரத்தில் 144 மணி நேரம்தான் வேலை என்பது 1955ஆம் ஆண்டின் பணிபுரியும் பத்திரிகையாளர் சட்டத்திலேயே இருந்தது. அதாவது வாரத்துக்கு 36. ‘எங்க காலத்துல’ என்கிறாரே, அவர் காலத்திலும் அதுதான் சட்டம். ஆனால் விபத்தும் வெள்ளமும் அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. இரவுப் பணி முறை வைத்து, யாருடைய முறையோ அவர் போன் எடுக்க வேண்டும், மறுநாள் அவர் மதியம் வந்தால் போதும் என்று பலகையில் எழுதச் சொல்லுங்கள். இரண்டே நிருபர்கள் உள்ள அலுவலகத்திலும் இதைச் செய்யலாம்.

ஏற்காட்டில் முன்னாள் நிருபர் ஒருவர் இப்போது காப்பித்தூள் விற்கிறார். சேர்வராயன் மலைத் தோட்டங்களைப் பற்றி இன்னமும் எழுதுகிறார், கூட்டங்களில் பேசுகிறார். அவர் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம்?
— வாசகி, ஏற்காடு

தொழில் செய்பவருக்கு அந்தத் தொழிலைப் பற்றி மற்றவர்களைவிட அதிகம் தெரியும், அதற்காகவே கேட்கலாம். கட்டுரையின் முதல் வரியிலோ மேடையின் முதல் நிமிடத்திலோ ‘நான் இந்த மலைக் காப்பியை விற்பவன்’ என்று அவர் சொல்கிறாரா என்பதை மட்டும் கவனியுங்கள். கடைசியில் பொடி எழுத்தில் சொல்வது கணக்கில் வராது. பொருளுக்கும் பேசுபவருக்கும் உள்ள பணத் தொடர்பை வெளியே சொல்ல வேண்டும் என்பது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூன் வழிகாட்டு நெறியும்கூட. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் உண்டு.

அவர் சரக்கை நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காப்பிக்கொட்டை 50 கிலோ மூட்டைக் கணக்கில் விலை பேசப்படுகிறது. அராபிகா பார்ச்மென்ட் (உள்தோலோடு உலர்த்திய கொட்டை) ஒரு மூட்டையில் தோல் நீக்கினால் சுமார் 40 கிலோ பருப்பு; வறுக்கும்போது நூற்றுக்கு 15 முதல் 18 வரை எடை போகும்; கையில் நிற்பது 33, 34 கிலோ. அன்றைய மூட்டை விலையை 33ஆல் வகுங்கள். எடுத்துக்காட்டாக மூட்டை 25,000 ரூபாய் என்றால் கிலோவுக்குக் கொட்டைச் செலவு மட்டும் சுமார் 758 ரூபாய். வறுவல், பொட்டலம், வாடகை, லாபம் அதன்மேல். ‘கலப்பில்லாத ஏற்காடு அராபிகா’ அதற்கும் கீழான விலைக்குக் கிடைத்தால், பழைய சரக்கா, வேறு ரகமா, சிக்கரியா என்று கேளுங்கள். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. விகிதத்தைப் பொட்டலத்தில் போட வேண்டும்.

அவரே மலைச்சாலை, மரம் வெட்டு, சுற்றுலா விடுதி போன்ற விஷயங்களில் கருத்துச் சொன்னால், அந்த முடிவால் அவர் தோட்டத்துக்கோ கடைக்கோ ஆதாயம் உண்டா என்று மேடையிலேயே கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. அவர் நிருபராக இருந்தபோது எத்தனை பேரை அப்படிக் கேட்டிருப்பார்!

எங்கள் பகுதி இளைஞர்கள் சேர்ந்து யூடியூப் சேனல் நடத்துகிறோம். எட்டு வழிச்சாலை பற்றி விவாதம் வைத்தோம். அரை மணியில் கூச்சல். அடுத்த முறை சரியாக நடத்த வேண்டும். வழக்கு எதிலும் மாட்டவும் கூடாது.
— வாசகர்கள், அயோத்தியாப்பட்டணம்

கூச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் கோபம் இல்லை. இரண்டு தரப்பும் வேறு வேறு தகவலோடு வந்து உட்காருவது. விவாதத்துக்கு முன் ஒரு பக்கத் தாள் தயாரித்து, இரு தரப்பிடமும் காட்டி, ‘இவற்றில் நமக்குள் தகராறு இல்லை’ என்று ஒப்புதல் வாங்குங்கள். நீங்கள் சொன்ன விஷயத்துக்கே பார்ப்போம். 2018இல் முன்வைக்கப்பட்ட சேலம்–சென்னைப் பாதை, சுமார் 277 கிலோமீட்டர். 8.4.2019 அன்று சென்னை உயர்நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கையை ரத்து செய்தது. 8.12.2020 அன்று உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் அறிவிக்கைக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை என்று சொல்லி, நிலமெடுப்பைத் தொடர வழிவிட்டது. இந்த நாலு வரியைப் பலகையில் எழுதிவைத்தாலே ‘கோர்ட்டே வேண்டாம்னுடுச்சு’, ‘கோர்ட்டே சரின்னுடுச்சு’ என்ற இரண்டு கத்தலும் அடங்கும். பிறகு மிஞ்சுவது உண்மையான கேள்வி: இழப்பீடு போதுமா, இருக்கும் சாலையை அகலப்படுத்தினால் ஆகாதா, கிணறு போனால் மீதி நிலத்தின் கதி என்ன?

தலைப்பை ‘வேண்டுமா, வேண்டாமா’ என்று வைக்காதீர்கள். ‘நிலம் கொடுப்பவருக்கு எவ்வளவு, எப்போது’ என்பது போலக் குறுக்குங்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம். மறுத்துப் பேசுபவர், எதிராளி சொன்னதை முதலில் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே பதில். முதல் இரண்டு சுற்றில் இது இழுவையாகத் தெரியும், மூன்றாவதில் பேச்சு தானாகச் சுருங்கிவிடும். வயதில் மூத்தவரை முதலில் பேசவிடும் வழக்கத்தையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். பெரியவர் பேசி முடித்த பிறகு இளையவர்கள் ‘ஐயா சொன்னதுபோல’ என்று அவர் பின்னாலேயே போய்விடுவார்கள்; கடைசியில் பேசச் சொன்னால் பெரியவருக்கும் புதிதாகப் பதில் சொல்ல ஏதாவது இருக்கும்.

தகவலுக்கு ஆர்டிஐ போடுங்கள். மாநில அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதாவது விவாதத்துக்கு இரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது. ‘இந்தக் கோப்பின் இந்தத் தேதிக் குறிப்பின் நகல்’ என்று கேட்டால் வரும்.

வழக்கைப் பொறுத்தவரை, 1.7.2024 முதல் அவதூறு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இருக்கிறது. இரண்டு ஆண்டு வரை வெறுங்காவலோ, அபராதமோ, இரண்டுமோ, சமூக சேவையோ தண்டனை. ‘பேசியது அவர், நாங்கள் ஒளிபரப்பினோம், அவ்வளவுதான்’ என்று தப்பிக்க முடியாது. எனவே நேரலை வேண்டாம். பதிவுசெய்து, பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் இடங்களைத் தனியே குறித்து, கையில் ஆவணம் இருப்பதை மட்டும் வைத்து மற்றதை வெட்டுங்கள். பொது ஆவணத்தில் இருப்பதை வெளியிட யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்று 1994இல் நக்கீரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவதைப் பற்றிய வழக்கு அது. அடுத்த ஆண்டு அவரைத் தூக்கிலிட்டது நம் சேலம் மத்திய சிறையில்தான். அந்தத் தீர்ப்பு தரும் பாதுகாப்பு ஆவணத்துக்கு மட்டும்தான், ஆவணத்தின் மேல் நீங்கள் ஊகித்துச் சொல்வதற்கு இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு, பதிவுப் பத்திரம், அரசாணை ஆகியவற்றின் நகலைக் காணொளியின் கீழே இணைத்துவிடுங்கள்.

தொடர்ந்து செய்தி வெளியிடும் சேனல் என்றால் 2021ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளும் உண்டு. புகார் கேட்க ஓர் ஆளை நியமித்து அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். வந்த புகாருக்கு 15 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் குழுவில் கோபம் குறைவாக வருபவர் யாரோ, அவரை அந்த வேலைக்குப் போடுங்கள்.